நடுத்தர மோட்டார் சைக்கிளின் குணவிசேஷம்

2006ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனத்தார் ஷைன் என்னும் 125 சி.சி. மோட்டார் சைக்கிளை இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்தபோது, 100 சி.சி. வண்டியின் சிக்கனத்தையும் 150 சி.சி. வண்டியின் வலிமையையும் ஒருங்கே விரும்பிய குடும்பங்கள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டன. இவ்வகை வண்டியின் மேன்மையை உச்ச வேகத்தில் தேடுவது வீண். பின்சீட்டில் ஒருவரும் மடியில் காய்கறிப் பையுமாக மேம்பாலத்தின் ஏற்றத்தில் செல்லுகையில், கியரைக் குறைக்காமலே, எஞ்சின் திணறாமல் வண்டி முன்னேறுகிறதே, குறைந்த சுழற்சியிலேயே பிறக்கும் அந்த இழுவிசைதான் அதன் பிரதான குணம். நீண்ட சீட்டும், முதுகை நிமிர்த்தி உட்கார இடந்தரும் கைப்பிடியும் அன்றாடப் பிரயாணத்துக்கு உகந்தவை.

பெட்ரோல் விஷயத்தில் வண்டியைவிட ஓட்டுபவரின் பழக்கமே பெரிதென்பது என் திடமான அபிப்பிராயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், மணிக்கு 40 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் 80 கிலோமீட்டரில் நான்கு மடங்காகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின், பெட்ரோலைக் கணக்காகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை கார்புரேட்டரின் ஸ்தானத்தைப் பெற்றது. ஆயினும் கிளச்சைப் பாதி பிடித்தபடியே நெரிசலில் ஊர்கிறவருக்கும், டயரில் காற்றுக் குறைந்திருப்பதைக் கவனியாதவருக்கும் எந்த நூதன யந்திரமும் மைலேஜ் தராது.