வாக்கும் இடமும்: 1967 தேர்தலின் கணக்கு

டிராம்பேயில், சீட்டா கேம்ப் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில், சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். “அண்ணாச்சி, 1967-ஆம் வருஷத் தேர்தலில் காங்கிரஸுக்கும் கழகத்துக்கும் வோட்டு ஏறக்குறைய சமம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். காங்கிரஸுக்குச் சிறிது கூடுதல் என்றுகூட இருக்கிறது. அப்படியானால் ஆட்சி எப்படிக் கைமாறிற்று?” என்று கேட்டார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் மும்பையில்தான். திருநெல்வேலிச் சீமையை விடுமுறைக்குச் சென்று பார்த்ததோடு சரி. ஆயினும் அவர் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. ஒரு புதிய கட்சி ஆளும் கட்சியை அகற்றுவது எவ்வாறு நிகழ்கிறது என்பதன் சூட்சுமம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ பேசாமல், நடந்ததை நடந்தபடி விளக்க முயல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டுத் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் யார் மற்றவரைவிட ஒரு வாக்கேனும் அதிகம் பெறுகிறாரோ அவரே வென்றவர். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்ற விதி கிடையாது. நூறு பேர் வாக்களிக்கும் ஒரு தொகுதியை எண்ணிக்கொள்ளுங்கள். ஆளும் கட்சிக்கு 45 பேர், இரண்டாவது கட்சிக்கு 30 பேர், மூன்றாவதற்கு 15 பேர், நான்காவதற்கு 10 பேர் வாக்களித்தால், ஆளும் கட்சியே வெல்லும். அதை விரும்பாதவர் 55 பேர். ஆனால் அவர்கள் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். அந்த மூவரும் ஒரே வேட்பாளரை நிறுத்தினால், ஆளும் கட்சியின் 45-இல் ஒன்றும் குறையாமலே அது தோற்றுவிடும். இந்தச் சிறிய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சென்னை ராஜ்யத்தில் 1946 முதல் தொடர்ந்து காங்கிரஸ் மந்திரிசபையே ஆண்டு வந்தது. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் 206 இடங்களில் 139 இடங்கள் காங்கிரஸுக்குக் கிடைத்தன. அப்போது அக்கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 46 என்ற அளவிலேயே இருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் நூற்றுக்கு 27 பெற்று 50 இடங்களை அடைந்தது. சுதந்திராக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் தலைக்கு ஏழெட்டுப் பங்கு வாக்குகளைப் பெற்றும், விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களையே பெற்றன. ஆக, 1962-லேயே வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர் காங்கிரஸுக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் அவர்கள் சிதறிக் கிடந்தனர்.

1967 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் அந்தச் சிதறல் பெரும்பாலும் நீங்கியது. சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட் முதலிய கட்சிகள் கழகத்தோடு தொகுதிப் பங்கீடு செய்துகொண்டன. கழகம் தான் நான்கில் மூன்று பங்கு தொகுதிகளில் மட்டும் நின்று, ஏனையவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. காங்கிரஸோ ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிட்டது. முடிவு என்ன? மொத்த வாக்கில் இரு கட்சிகளும் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பெற்றன. ஆனால் 234 இடங்களில் கழகத்துக்கு 137, காங்கிரஸுக்கு 51. காங்கிரஸ் இழந்த வாக்கு நூற்றுக்கு ஐந்து. இழந்த இடங்களோ எண்பதுக்கும் மேல். காங்கிரஸின் 41 மாநிலம் முழுவதும் பரவிக் கிடந்தது. கழகத்தின் 41 அது நின்ற தொகுதிகளில் மட்டும் திரண்டு நின்றது. இளைஞரின் வினாவுக்கு நேர் விடை இதுவே.

எனினும் கணக்கு மட்டும் ஆட்சியை மாற்றுவதில்லை. கணக்கைக் கைகூடச் செய்யும் காரணங்கள் வேண்டும், உழைப்பும் வேண்டும். புதிய கட்சி என்று சொல்கிறோம். ஆனால் வெற்றி பெற்றபோது கழகத்துக்கு வயது ஏறத்தாழ பதினெட்டு. 1949 செப்டம்பர் 17-ஆம் நாள் சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில் அது தொடங்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் தேர்தல் களத்தில் இறங்கவே இல்லை. 1957-இல் முதன்முறையாகப் போட்டியிட்டு 15 இடங்களைப் பெற்றது. 1959-இல் சென்னை மாநகராட்சியில் மேயர் பதவியை அடைந்தது. 1962-இல் 50 இடம் பெற்றபோதும், அதன் தலைவர் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றுப் போனார். தனிநாடு என்ற கோரிக்கையை 1963-இல் கைவிட்டது. படிப்பகம், நாடகம், இதழ், மேடைப் பேச்சு என்று ஊர் ஊராக வேர் பிடித்த பிறகே அது கோட்டைக்குள் நுழைந்தது. ஆந்திரத்தில் 1982 மார்ச்சில் தோன்றிய தெலுங்கு தேசம் கட்சி 1983 ஜனவரியிலேயே ஆட்சியைப் பிடித்தது உண்மைதான். அது விரைந்து பாய்ந்த வெள்ளம். சென்னையில் நிகழ்ந்ததோ கிணறு ஊறியதைப் போன்றது.

காரணங்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று அரிசி. 1960-களின் நடுவில் நாடெங்கும் மழை பொய்த்தது. சென்னை ராஜ்யத்திலும் அரிசிக் கடைகளின் முன் வரிசைகள் நீண்டன, விலை ஏறிற்று. ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி தருவோம் என்று கழகம் அளித்த வாக்குறுதி, அடுப்படியில் நின்ற பெண்களின் செவியை நேராகச் சென்றடைந்தது.

மற்றொன்று மொழி. அரசியல் சட்டத்தின்படி 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழியாகலாம் என்ற நிலை நெருங்கியபோது, தமிழ்நாட்டு மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். உயிர்கள் பல பலியாயின. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965 பிப்ரவரி 11-ஆம் நாள் அகில இந்திய வானொலியிலேயே பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூற வேண்டியதாயிற்று. அந்தக் கிளர்ச்சியில் முன்னின்ற மாணவர் தலைவருள் ஒருவரான பெ. சீனிவாசன், இரண்டே ஆண்டுகளில் விருதுநகர் தொகுதியில் காமராஜரை எதிர்த்து நின்றார். நாட்டின் பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு வகித்த காமராஜர், தம் சொந்த ஊரில் 1,285 வாக்குகளால் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார்.

இந்த 1,285 என்ற எண்ணோடு என் குடும்பத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. என் தந்தையார் விருதுநகர் தொகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1964-இல் பம்பாய்க்கு வந்தார். டிராம்பேயில் அப்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் தோன்றிப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஒப்பந்தக் கூலி வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1967 தேர்தலின்போது அவருடைய பெயர் ஊரின் வாக்காளர் பட்டியலில் இருந்தது. அவர் உடல் டிராம்பேயில் இருந்தது. ரயில் கட்டணத்துக்குக் கையில் காசில்லை. ‘இன்னும் இரண்டு வருஷத்தில் ஊருக்கே போய்விடப் போகிறோம்’ என்ற நினைப்பில் இங்கும் பெயரைப் பதிந்துகொள்ளவில்லை. ஆகவே, அவர் எங்குமே வாக்களிக்கவில்லை. முடிவை ஒரு கடையில் இருந்த வானொலிப் பெட்டியின் முன் நின்று கேட்டாராம். “அந்த ஆயிரத்திச் சொச்சத்தில் என் வோட்டு எந்தப் பக்கம் சேர்ந்திருக்குமோ!” என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்டால் மட்டும் சொல்லமாட்டார்.

மாற்றம் என்ன தந்தது என்பதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். 1967 மார்ச் 6-ஆம் நாள் அண்ணாதுரை முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டில் காங்கிரஸ் வேறு பல ராஜ்யங்களிலும் ஆட்சியை இழந்தது. ஆனால் ஒரே எதிர்க்கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற்றது சென்னையில் மட்டுமே. மற்ற இடங்களில் கூட்டு மந்திரிசபைகளே அமைந்தன. அவற்றுள் பல விரைவில் கலைந்தன. சென்னையில் ஆட்சி அமைதியாகக் கைமாறிற்று. 1967 ஜூலை 18-ஆம் நாள் ராஜ்யத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றச் சட்டசபை தீர்மானித்தது. அது 1969 ஜனவரி 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் இன்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் சட்ட ஏற்புப் பெற்றன. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டமோ சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டு, நிதிச் சுமையால் ராஜ்யம் முழுவதும் பரவாமலே நின்றுபோயிற்று. வாக்குறுதி கொடுப்பது எளிது, கஜானா அதைத் தாங்குவது அரிது என்பதற்கு அது ஒரு பாடம்.

மொழி விஷயத்தில் விளைந்த பயனை நான் நாள்தோறும் காண்கிறேன். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டசபைகள் எல்லாம் இசைந்து தீர்மானம் நிறைவேற்றும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று அத்திருத்தம் கூறுகிறது. பொது ஆணைகள், அறிவிக்கைகள் முதலியவை இரு மொழிகளிலும் வெளிவர வேண்டும் என்பதும் அதில்தான் உள்ளது. என் மேசைமீது வந்து சேரும் ஒவ்வொரு கோப்பும் அந்தச் சட்டத்தின் குழந்தை. கிளர்ச்சி தெருவில் எழுந்தது. வாக்குச் சாவடியில் எண்ணிக்கையாயிற்று. பிறகு சட்டப் பிரிவாகி எனக்குச் சம்பளமும் தருகிறது.

இங்கு, வெளிமாநிலத்தில் வாழும் நாம் சிந்திக்க வேண்டிய மற்றொரு பக்கம் உண்டு. ஊரில் மொழியுணர்வு ஒரு கட்சியை ஆட்சிக்கு உயர்த்திக்கொண்டிருந்த அதே காலத்தில், 1966 ஜூன் 19-ஆம் நாள் பம்பாயில் சிவசேனை தொடங்கப்பட்டது. மண்ணின் மைந்தருக்கே வேலை என்ற முழக்கம் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்தது. சென்னைச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்த தமிழர், மறுநாள் காலையில் அஞ்சி அஞ்சி வேலைக்குச் சென்றதும் உண்டு என்று தந்தையார் கூறுவார். ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர் இங்கே சிறுபான்மையினர். ஊரில் பெற்ற வெற்றி இங்கே கவசமாகாது. இங்கே நமக்குரிய கவசம் இங்கே நாம் இடும் வாக்கே.

சட்டமும் அதையே சொல்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் பதியப்படும். சொந்த ஊரில் வீடோ நிலமோ இருப்பது மட்டும் அதற்குப் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் ஒருவர் பெயர் இருக்கவும் கூடாது. புதிதாகப் பதிவோர்க்குப் படிவம் 6, குடிமாறியோர்க்குப் படிவம் 8. டிராம்பேயும் சீட்டா கேம்பும் மகாராஷ்டிர சட்டசபையின் அணுசக்தி நகர்த் தொகுதியைச் சேர்ந்தவை. தண்ணீர்க் குழாய், சாக்கடை, குடிசைக்கு மாற்றுவீடு ஆகியவற்றைப் பற்றி முடிவு செய்வோர் இங்குள்ள வாக்கால் வருபவர்களே. ஊரிலுள்ள வாக்கால் அல்ல.

அதன் அருமையை டிராம்பே மக்கள் பட்டே உணர்ந்தனர். அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியில் பல்லாண்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தமிழர் பலர் உட்பட, 1976 மே மாதத்தில் அகற்றப்பட்டுச் சீட்டா கேம்பில் குடியேற்றப்பட்டன. அது நெருக்கடி நிலைக் காலம். நடக்கவேண்டிய பொதுத்தேர்தல் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு வாக்குச் சீட்டு கையில் இல்லை. எங்கள் வீடும் அப்போதுதான் இடம் மாறியது.

புதிய இடத்தில் கூரை போட்டதும் தந்தையார் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துகொண்டது. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. மத்தியில் ஆட்சி மாறிற்று. அன்று டிராம்பேயில், ஊரை விட்டு வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், தம் வாழ்நாளின் முதல் வாக்கை அவர் இட்டார். அது வென்ற பக்கமா, தோற்ற பக்கமா என்பதையும் அவர் சொன்னதில்லை.

இளைஞரிடம் இவ்வளவையும் கூறிவிட்டு, “உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, தம்பி?” என்று கேட்டேன். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ஊரில் இருக்கிறது, அண்ணாச்சி” என்றார்.