புவியியல் பாடமும் உலகச் செய்தியும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து சில எடுத்துக்காட்டுகள்

பள்ளிப் புவியியல் பாடத்தில் வரும் கருத்துகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வரும் உலகச் செய்திகளோடு பொருத்திப் படிப்பது ஒரு பயனுள்ள கற்றல் முறையாகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், வேளாண்மைக் கூறுகள், வளங்கள் மற்றும் தொழிலகங்கள் எனப் பாடங்கள் தனித்தனியாக அமைந்துள்ளன. செய்தியில் இவை தனித்தனியாக வருவதில்லை. ஒரு போர்ச் செய்திக்குள் துறைமுகமும் பயிரும் விலையும் சேர்ந்தே இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்கு அது புவியியல். தெரியாதவருக்கு அது வெறும் செய்தி.

இம்முறைக்குப் பெரிய நகரமோ வசதி மிக்க பள்ளியோ தேவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். பெரம்பலூர் நகரில் இன்றும் தொடர்வண்டி நிலையம் இல்லை. ஆயினும் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியும், கருங்கடல் ஓரத்துப் போரும், ஐரோப்பாவின் வரிக்கொள்கையும் இந்த இரு மாவட்டங்களோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவை.

படைப்புழு வந்த வழி

பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் முதன்மைப் பயிர்கள். 2018 ஆம் ஆண்டில் இங்கு மக்காச்சோளப் பயிர் பெரும் சேதமடைந்தது. காரணம் அமெரிக்கன் படைப்புழு. இலையைத் தின்பதோடு நிற்காமல் குருத்துக்குள் புகுந்து அமர்ந்துகொள்ளும் இந்தப் புழுவுக்கு மேலாகத் தெளித்த மருந்து எட்டவில்லை. முதல் ஆண்டில் உழவர்களுக்கு அது என்ன புழு என்றே தெரியாதிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு பின்னர் நிவாரணம் அறிவித்தது.

இந்தப் பூச்சியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டல, துணை வெப்பமண்டலப் பகுதிகள். 2016 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பது கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் காணப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019 இல் சீனாவையும் 2020 இல் ஆஸ்திரேலியாவையும் அடைந்தது. இதன் அந்துப்பூச்சி காற்றின் துணையோடு ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது.

ஒரு வெற்று உலக வரைபடத்தில் இந்த ஊர்களை ஆண்டுவாரியாகக் குறித்தால் வெப்பமண்டலம் என்ற பாடம் தானாகவே விளங்கும். கடும் குளிர்காலம் உள்ள நிலங்களில் இப்பூச்சியால் ஆண்டு முழுவதும் தங்க முடியாது. குளிர்காலமே இல்லாத, ஏதாவது ஒரு பயிர் எப்போதும் நிற்கும் பெரம்பலூரில் அதற்கு அந்தத் தடை இல்லை. 2016 இல் நைஜீரியாவிலிருந்து வந்த செய்தியை அப்போதே வரைபடத்தோடு படித்திருந்தால், அடுத்து எந்த நிலங்களுக்கு ஆபத்து என்பதை ஊகித்திருக்கலாம். செய்தி வெளிவந்ததற்கும் புழு வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அதே மக்காச்சோளத்தின் விலைக்கும் வரைபடம் உண்டு. இது பெரும்பாலும் கோழித்தீவனமாகிறது. அதனால் நாமக்கல் முட்டைப் பண்ணைகளின் நிலைமை பெரம்பலூர் உழவரின் வருமானத்தைப் பாதிக்கிறது. உக்ரைன் உலகின் பெரிய மக்காச்சோள ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிக் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியபோது உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. சின்ன வெங்காயத்தின் கதை இதற்கு நேர்மாறானது. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த 2023 டிசம்பரில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. நாசிக்கின் பெரிய வெங்காயத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டியது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது.

கடலடியும் சிமெண்டும்

அரியலூர் என்ற பெயர் உலக நிலவியல் நூல்களில் 150 ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்று வருகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. இந்தியத் துணைக்கண்டம் அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது உருவான காவிரிப் படுகையில் அந்தக் கடல் படிவுகளை விட்டுச் சென்றது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற ஊர்களின் பெயர்களாலேயே அப்பாறைத் தொகுதிகள் அழைக்கப்படுகின்றன. இவற்றின் புதைபடிவங்களை 1860 களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, ஸ்டோலிஸ்கா ஆகியோர் ஆராய்ந்தனர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் கிடக்கிறது. அதை 1940 இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அக்கடலின் கரையில் காடுகள் இருந்ததற்கும், அவற்றின் மரங்கள் கடலுக்கு அடித்துவரப்பட்டதற்கும் அது சான்று.

ஒன்பதாம் வகுப்பில் கண்டத்தட்டு நகர்வைப் படிக்கும் மாணவர், துருக்கியிலோ ஜப்பானிலோ நிலநடுக்கம் என்ற செய்தியைத்தான் வழக்கமாக எடுத்துக்காட்டாகக் கேட்கிறார். தன் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கமே அந்தப் பாடத்தின் விளைவு என்பது அவருக்குச் சொல்லப்படுவது குறைவு.

அந்தச் சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமெண்டு மாவட்டமாக்கியது. அரசின் தமிழ்நாடு சிமெண்டு ஆலையும் பல தனியார் ஆலைகளும் இங்கு இயங்குகின்றன. இனிக் காலநிலை மாநாட்டுச் செய்திகளைப் பார்க்கலாம். உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருகிறது. இதில் எரிபொருளின் பங்கு குறைவு. பெரும்பங்கு கல்லிலிருந்தே வருகிறது. தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். கடல்வாழ் உயிர்கள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஓடுகளில் பூட்டிவைத்த கரிமம் அது. நிலக்கரியை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் இந்தப் பகுதி குறையாது. மின்துறையை விடச் சிமெண்டுத் துறையைத் தூய்மையாக்குவது ஏன் கடினம் என்பதற்கு இதுவே விடை. வேதியியல் வகுப்பில் படித்த ஒரு சமன்பாடு புவியியல் வகுப்பில் பயன்படும் இடமும் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிப் பொருள்களின் கரிம வெளியேற்றத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டை 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கியது. 2026 சனவரியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் பொருள்பட்டியலில் சிமெண்டும் உண்டு. சிமெண்டு கனமான, விலை குறைந்த பொருள் என்பதால் பெரும்பாலும் உள்நாட்டிலேயே விற்கிறது. ஆகவே இச்செய்தியால் அரியலூர் ஆலைகள் உடனே பாதிக்கப்படும் என்று எழுதுவது மிகை. எல்லா உலகச் செய்தியும் எல்லா ஊருக்கும் வந்துசேர்வதில்லை. எது வராது, ஏன் வராது என்று விளக்குவதும் பாடமே.

பாடநூல் பொருந்தாத இடம்

கரிசல் மண் தக்காண எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவானது என்று பாடநூல் கூறுகிறது. மகாராட்டிரத்துக்கு அது சரி. பெரம்பலூர், அரியலூரில் தக்காண எரிமலைக் குழம்பு வந்து படியவில்லை. இங்குள்ள கரிசல், சுண்ணாம்புச் சத்துள்ள களிமண் பாறைகளும் பிற பாறைகளும் வறட்சியான காலநிலையில் சிதைந்து உருவானது. பாடநூலைக் குறை சொல்ல இதை எடுக்க வேண்டியதில்லை. பொதுவிதியையும் உள்ளூர் விலக்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இது நல்ல தொடக்கம்.

வறண்ட ஆற்றின் வெள்ளம்

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவுவண்டி அங்கே கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய தொடர்வண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இந்நிகழ்வு பெரும்பாலும் அரசியல் நேர்மைக்கான கதையாகவே சொல்லப்படுகிறது. மருதையாறு என்ன ஆனது என்பதை யாரும் கேட்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த ஆறு வடகிழக்குப் பருவமழையில் சில மணி நேரத்தில் நிறையக்கூடியது.

2023 செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகரில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். டேனியல் என்ற புயலின் மழையால் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றின் இரு அணைகள் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். மழையின் காரணமும் அளவும் வேறு. அணை உடைந்ததும் பாலம் உடைந்ததும் ஒன்றல்ல. ஆனால் 'பருவகால ஆறு' என்ற ஒரே சொல் இரண்டையும் விளக்குகிறது. நீர் ஓடாத நாள்களில் அந்த ஆற்றை மறந்துவிடுவது இரு நாட்டுக்கும் பொது.

முட்டையா, நத்தையின் உறவினமா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது. குளத்து மண்ணை அள்ளியபோது வெளிப்பட்ட உருண்டையான கற்களே அவை. படங்கள் சமூக ஊடகங்களில் பல லட்சம் பேரிடம் சென்றன. அவை அம்மோனைட்டு படிவுகளைச் சார்ந்தவை என்று வல்லுநர்கள் விளக்கினர். அம்மோனைட்டு என்பது கணவாய், நத்தை ஆகியவை அடங்கும் மெல்லுடலிகளைச் சேர்ந்த, அழிந்துபோன கடலுயிர்.

நிலத்தில் முட்டையிடும் விலங்கின் முட்டைகள் கடலடிப் படிவில் குவியலாகக் கிடக்குமா என்ற ஒரு கேள்வியே ஐயத்தை எழுப்பப் போதுமானது. அதைக் கேட்கத் தேவையான பாடம் அவ்வூர்ப் பள்ளியிலேயே நடத்தப்படுகிறது. அதேவேளையில் டைனோசர் என்றாலே பொய் என்று முடிவுகட்டவும் முடியாது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளைக் கொண்டு 1987 இல் புருகத்காயசாரஸ் என்ற விலங்கு விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் பின்னர் சிதைந்துபோயின. எனவே அதன் அளவைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது.

கரைவெட்டி

2024 சனவரியில் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. ராம்சார் என்பது ஈரானில் காசுப்பியன் கடலோரம் உள்ள நகரம். ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை அங்கு 1971 இல் கையெழுத்தானது. கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து, மங்கோலியா, திபெத்து ஆகிய பகுதிகளின் ஏரிக்கரைகளில் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. அது இறங்கும் ஏரிக்கு மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வருகிறது. மேட்டூருக்கு நீர் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருகிறது. சூன் மாதம் வரும் பருவமழை முன்னறிவிப்புச் செய்தியை வெட்டி வைத்துக்கொள்ளும் மாணவர், அவ்வாண்டு திசம்பரில் கரைவெட்டியில் நீர் எவ்வளவு நிற்கிறது, எத்தனை வாத்துகள் வந்துள்ளன என்று நேரில் சென்று ஒப்பிடலாம்.