குடாநாட்டுச் சாலைகளும் சைக்கிளும்

ஒரு தேசத்தை உள்ளபடி அறிய விரும்புகிறவன் அதன் சாலைகளில் நிதானமாகப் பிரயாணம் செய்ய வேண்டும். ரயிலில் போகிறவன் ஸ்டேஷன்களைக் காண்கிறான். மோட்டாரில் போகிறவன் புழுதியைக் காண்கிறான். நடந்து போகிறவன் யாவற்றையும் காண்கிறான். ஆயினும் அவன் ஒரு நாளில் கடக்கும் தூரம் சொற்பம். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிற்பது சைக்கிள். சைக்கிள் பிரயாணத்திற்கென்றே பிரமன் சமதளமாக்கி வைத்த பூமி ஒன்று உண்டென்றால், அது யாழ்ப்பாணக் குடாநாடே என்று தயங்காமல் கூறுவோம்.

அங்கே ஏற வேண்டிய மலை ஒன்றுமில்லை. கடக்க வேண்டிய ஆறும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றிருப்பது மழைக்காலத்து ஓடையே. வடக்கிலும் கிழக்கிலும் கடல், தெற்கில் நீரேரி, ஆனையிறவுப் பக்கத்து ஒடுங்கிய நிலமே குடாநாட்டை இலங்கையின் மற்றப் பாகத்தோடு பிணைக்கிறது. காற்று ஒன்றுதான் பிரயாணிக்குப் பகை. வைகாசிக்குப் பின் சோளகமும், ஐப்பசிக்குப் பின் வாடையும் வீசும். எந்த மாதத்தில் எத்திசை நோக்கிப் புறப்படலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அறிந்துகொள்ளுதல் நலம்.

கோட்டையிலிருந்து கீரிமலை வரை

முதற் பிரயாணம் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1619இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அவ்விடத்தில் தத்தம் கொடியை ஏற்றினர். கோட்டைக்கு அருகே வெண்ணிறமாய் நிற்கிறது பொது நூல்நிலையம். 1981ஆம் வருஷம் மே மாதக் கடைசி இரவில் மூட்டப்பட்ட தீயில் அங்கிருந்த சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மீண்டும் எழுப்பப்பட்ட அக்கட்டிடத்தின் வாயிலில் ஒரு நிமிஷம் இறங்கி நின்று, பிறகு பெடலை மிதிப்பதே முறை.

காங்கேசன்துறைச் சாலை வடக்கு நோக்கி நேராகச் செல்கிறது. தூரம் சுமார் 20 கிலோமீட்டர். கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இரு புறமும் செம்மண் தோட்டங்கள். ஆறில்லாத நாட்டில் சுண்ணக்கல்லைக் குடைந்து கிணறு தோண்டி, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த குடியானவனின் உழைப்பை அச்சாலையில் காணலாம். சுன்னாகத்திற்கு மேற்கே சற்று விலகினால் கந்தரோடையில் பழைய பௌத்தத் தூபிகள் உள்ளன. வடக்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலையும் கடந்தால், கடலின் விளிம்பிலேயே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி.

தென்மேற்கே வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரியை நிறுவினர். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறிய தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அங்கே பயின்றவர்களே. சென்னையின் முதற் பட்டதாரிகள் இக்குடாநாட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

துண்டிக்கப்பட்ட கரை

காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் கரையோரப் பிரயாணம், நியாயமாகப் பார்த்தால் இக்குடாநாட்டின் மகுடமாக விளங்க வேண்டியது. ஆனால் நேயர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். சைக்கிள்காரனும் இங்கேதான் நிறுத்தப்பட்டான்.

1990இல் யுத்தம் மூண்டபோது பலாலி விமானத் தளத்தைச் சுற்றியிருந்த கிராமங்களின் ஜனங்கள் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் கிணறும் முள்வேலிக்கு உள்ளே. அவற்றின் சொந்தக்காரர் வேலிக்கு வெளியே. யுத்தம் 2009இல் முடிந்தது, வேலி முடியவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மீனவர்க்குத் திரும்பியது. வசாவிளான் - பலாலிச் சாலை 2025 ஏப்ரலில், முப்பது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின், பற்பல நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. நிபந்தனையோடு திறந்த சாலை பாதி திறந்த கதவுக்கு ஒப்பாகும். தன் ஊர்ச் சாலையில் பிறர் தயவால் போகிறவனைச் சாலைக்கு உரியவன் என்று எவ்வாறு சொல்வது?

தொண்டைமானாற்றுக்கு அப்பால் கரை மீண்டும் நம்முடையதாகிறது. வல்வெட்டித்துறையில் ஊர்க் கைவினைஞர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்றோர் அதிசயம் உண்டு. சாலையே மடத்தின் நடுவே நுழைந்து செல்கிறது. மேலே கற்கூரை, இரு புறமும் திண்ணை. வழிப்போக்கன் மடத்தைத் தேடிப் போக வேண்டுவதில்லை. மடம் அவன் வழியிலேயே எழுந்து நிற்கிறது. அப்பால் 1936இல் பொன்னேட்டுச் சாசனம் கிடைத்த வல்லிபுரமும், மணற்குன்றுகள் சூழ்ந்த மணற்காடும், 2004இல் ஆழிப்பேரலையால் சிதைந்த வடமராட்சிக் கிழக்குக் கிராமங்களும் உள்ளன.

மேற்கே தீவுகளுக்குச் செல்ல விரும்புவோர் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடையலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கே படகு உண்டு. ஊர்காவற்றுறையிலிருந்து, ஊரார் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவையில் சைக்கிளோடு ஏறிக் காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலத்தின் வழியே திரும்பினால் ஒரு நாட்பிரயாணம் நிறைவாகும்.

எளிய வாகனத்தின் சேவை

சைக்கிளை விளையாட்டுக் கருவி என்று எண்ணுவோர் யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தை அறியாதவர். 1990க்குப் பின் பெட்ரோலும் மின்சாரமும் தடைப்பட்ட வருஷங்களில் அக்குடாநாட்டைத் தாங்கியது இரண்டு சக்கரங்களே. நோயாளி அதிலே வைத்தியசாலைக்குச் சென்றான். மாணவன் அதிலே பரீட்சைக்குச் சென்றான். விறகும் அரிசியும் மரக்கறியும் அதிலே சந்தைக்குச் சென்றன. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் ஊரைத் துறந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வயோதிகரையும் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்து அந்த நெரிசலில் ஊர்ந்ததும் அதே சைக்கிள்தான்.

அவர்கள் சென்ற கண்டி நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டு, யுத்தத்திற்குப் பின் மீண்டும் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் எழுந்து, பூநகரி வழியாக இன்னொரு வாயில் கிடைத்தது. சாலைகள் இப்போது அகலமாகிவிட்டன. பஸ்களும் லாரிகளும் பறக்கின்றன. ஆபத்துக் காலத்தில் நாட்டைச் சுமந்த சைக்கிளோ சாலையின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு, உயிருக்கு அஞ்சி ஒதுங்குகிறது. இது நன்றியுள்ள செய்கையாகுமா?

நாம் வேண்டுவன மூன்று. பலாலியைச் சுற்றிய நிலங்களும் கரையோரச் சாலையும் நிபந்தனையின்றி ஜனங்களுக்குத் திரும்ப வேண்டும். விமானத் தளம் இருக்குமிடத்தில் சாலையை வளைத்துப் போடுவது எஞ்ஜினீயர்களுக்கு இயலாத காரியமன்று. இரண்டாவது, நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை ஒதுக்க வேண்டும். மூன்றாவது, தெருமூடி மடங்களையும், ஒழுங்கை முகப்புகளில் நிற்கும் சுமைதாங்கிகளையும், ஆவுரோஞ்சிக் கற்களையும் சாலை விஸ்தரிப்பு என்ற பெயரால் இடித்தெறியாமல் காக்க வேண்டும். வழிப்போக்கனையும் பசுவையும் நினைத்துச் சாலை அமைத்த முன்னோரின் கையெழுத்து அவை.

தமிழ்நாட்டு இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது. அக்கரை நமக்குச் சில மணி நேரத் தூரமே. பத்திரிகையில் படித்துப் பெருமூச்சு விடுவதினும், அங்கே இறங்கி ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, எதிர்க்காற்றில் பத்து மைல் மிதித்துப் பார்ப்பது மேல். பனைகளின் நடுவே போகும் சாலை வேலியில் முட்டி நிற்கும் இடத்தில் நீங்களும் இறங்கி நில்லுங்கள். வேலிக்கு அப்பால் கடலின் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டவாறு முப்பது வருஷம் வேலிக்கு வெளியே காத்திருந்தவர்களின் வழக்கு எத்தகையது என்பதை அப்போது யாரும் உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.