ஒரு குரூப்பா... ரெண்டுமா?

சி.ஏ. இன்டர் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில், கல்யாணப் பேச்சைவிடச் சூடாக ஒரு விவாதம் நடக்கும். ''ஒரு குரூப் எழுதட்டுமா, ரெண்டையும் சேர்த்து எழுதட்டுமா?''

எதிர்வீட்டு அண்ணன் தீர்ப்புச் சொல்வார்: ''முதல்ல ஒண்ணை முடிடா. ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்துக்கிட்டே இன்னொண்ணைப் பார்த்துக்கலாம்!''

அவர் எழுதிய காலத்தில் அது சரி. 2023-ல் வந்த புதிய திட்டப்படி ரெண்டு குரூப்பும் பாஸானால்தான் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப்பே! 'அப்ப ரெண்டையும் எழுதிட வேண்டியதுதான்' என்று கிளம்பாதீர்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொன்றிலும் 100-க்கு 40 வேண்டும். குரூப் மொத்தம் 150 வேண்டும். சேர்த்து எழுதினால் ஒரு சலுகை உண்டு. எல்லாப் பேப்பரிலும் 40 தாண்டி, ஒரு குரூப்பில் 140, இன்னொன்றில் 160 என்றாலும் மொத்தம் 300... ரெண்டுமே பாஸ்! அந்த 140-ஐத் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஃபெயில்.

இது நல்ல பக்கம். ரெண்டையும் அரைகுறையாகப் படித்து ரெண்டிலும் 145 வாங்கினால்? ரெண்டும் போச்சு! ஒன்றிலேயே கவனம் வைத்திருந்தால் அந்த 5 மார்க் வந்திருக்காதா? பேப்பர் ஒன்றில் 39 என்றாலும் அந்த குரூப் அவ்வளவுதான். சலுகையும் கிலுகையும் கைகொடுக்காது.

முன்பு ஒரு தடவை விட்டால் ஆறு மாதம் போகும். 2024 முதல் இன்டர் பரீட்சை ஜனவரி, மே, செப்டம்பர் என வருடத்துக்கு மூன்று முறை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எழுதினால் தள்ளிப்போவது நாலே மாதம்!

எப்படி முடிவெடுப்பது? விண்ணப்பிக்கக் கடைசி தேதிக்கு முன்பே, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஆறு பேப்பருக்கும் மாதிரித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். திருத்துவது வேறொருவராக இருக்கட்டும். ஆறிலும் 50-ஐ ஒட்டி வந்தால் துணிந்து ரெண்டும். ஒரு குரூப் 40-க்கே மூச்சு வாங்கினால், தேறுகிற குரூப் மட்டும்.

''பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டும் எழுதறானாமே'' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ரெண்டும் போனால் துவண்டு உட்காரப்போவது உங்கள் பிள்ளைதான்.

கையிருப்பை உள்ளபடி பார்ப்பதுதானே ஆடிட்? முதல் ஆடிட் படிப்பு மேஜையிலேயே நடக்கட்டும்!