வளவுக்குள் வந்த பிரசவம்

மன்னார்த் தீவின் கழுதைகளில் பெரும்பாலானவை கட்டாக்காலிகள். சினை பிடித்த நாளைக் குறித்து வைப்பவர் யாருமில்லை. அதனால் குட்டி எப்போதும் முன்னறிவிப்பின்றித்தான் வருகிறது. இராத்திரி படலையைச் சாத்த மறந்தால் போதும். விடியப்புறம் வளவு கூட்ட எழும்பும்போது மதிலோரம் ஈரம் காயாத குட்டியொன்று கால் பரப்பி நிற்கக் கூடும்.

அரபு வணிகர்கள் கொண்டுவந்த விலங்கு என்றுதான் ஊரில் சொல்வார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்துக்கும் (பாவோபாப்) இதே கதைதான். இரண்டுமே ஆபிரிக்காவில் தோன்றியவை என்பதால் கதையை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பொதி சுமந்த காலம் வரைக்கும் கழுதைக்கு எசமான் இருந்தார். லொறி வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள்.

கழுதையின் சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம். சிலவற்றுக்கு 14 மாதமும் செல்லும். இவ்வளவு நீண்ட சினை கண்ணில் படாமல் போவது எப்படி? புல்லும் சருகும் தின்று ஊதிய வயிறு எல்லாக் கழுதைக்கும் உண்டு. கடைசிச் சில கிழமைகளில் மடி இறங்குவதுதான் ஓரளவு நம்பத்தக்க அடையாளம். தெருக் கழுதையின் மடியை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

எதிர்பாராத பிரசவம் தரும் இந்த அதிர்ச்சி கூண்டில் வளரும் கினிப்பன்றியிலும் உண்டு. இரண்டும் பெட்டை என்று சொல்லி விற்ற சோடியில் ஒன்று கடுவனாக இருந்தால், இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் கூண்டுக்குள் கூட்டம் பெருகிவிடும். குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, மயிர் முளைத்து, பல்லோடு வரும். தாய் பெற்ற அன்றே மறுபடி சினையாகலாம் என்பதால் கடுவனை உடனே வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும். முயல் குட்டியோ கண் மூடி, வெறுந்தோலாய்ப் பிறக்கும். இந்த விடயத்தில் கழுதை கினிப்பன்றியின் கட்சி. வெட்டவெளியில் ஈனும் விலங்கின் குட்டி பிறந்த கையோடு எழுந்து நடந்தாக வேண்டும்.

வளவுக்குள் பிரசவம் நடந்தால் வீட்டாருக்கு வேலை அதிகமில்லை. பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வைத்து, தாய்க்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தால் சரி. குட்டியைத் தூக்கவோ குளிப்பாட்டவோ கூடாது. தாய் தன் குட்டியை மோந்து அறியும் நேரம் அது. அதன் பிறகு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் குட்டி எழும்ப வேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் இளங்கொடி விழ வேண்டும்.

மாடு வளர்த்துப் பழகிய கை பிழை விடுவது இந்த மூன்றாவதில்தான். பசுவின் இளங்கொடி விழ அரைநாள் பிந்தினாலும் ஆட்கள் பதறுவதில்லை. கழுதைக்கு அந்தப் பொறுமை ஆகாது. கொடி உள்ளே தங்கினால் கிருமி பரவிக் குளம்பு வரைக்கும் நோய் இறங்கும். கையால் பிடித்து இழுப்பது அதைவிட ஆபத்து. மிருக வைத்தியரை அழைப்பதே வழி. தாய் அரை மணித்தியாலம் கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டாலும் அப்படியே.

முதற்பாலும் முக்கியம். நோயெதிர்ப்புச் சக்தி கருப்பையில் வைத்துக் கழுதைக் குட்டிக்குக் கிடைப்பதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. முதல் நாளைக்குப் பிறகு அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்கு இல்லாமல் போய்விடும். பசு கன்று போட்டால் கடும்பு காய்ச்சி அயலுக்கும் கொடுக்கிறோம். கழுதைப்பால் குழந்தைக்கு மருந்து என்று நம்பி ஒரு சங்கு கறக்க வருபவர்களும் உண்டு. அன்றைக்கு மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் நியாயம்.

குட்டிக்குப் பெரிய சோதனை படலைக்கு வெளியேதான். இரவில் தார் வீதியில் படுத்துக் கிடக்கும் கழுதைகள் வாகனங்களில் அடிபடுகின்றன; குப்பையோடு பொலித்தீனையும் தின்கின்றன. காயம்பட்டவற்றைப் பராமரிக்க ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தது. அதையே கல்வி நிலையமாகவும் நடத்தி, கழுதையை ஊருக்குத் தொல்லையாகப் பார்க்கும் பார்வையை மாற்ற முயன்றது. நல்ல வேலை. ஆனாலும் காயத்துக்கு மருந்து போடுவதோடு கணக்கு முடிவதில்லை. ஈன்று ஒன்றிரண்டு கிழமைக்குள் தாய்க் கழுதை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் கழுதைகளை மிருக வைத்தியரைக் கொண்டு முறையாக நலமடிக்காதவரை, அதே படலைக்குள் அடுத்த வருடமும் ஒரு குட்டி நிற்பதற்கு இடமிருக்கிறது.