'வெள்ளிக்கிழமை அப்டேட் போடாதீங்க பாஸ்!' - உலகத்தை நிறுத்திய நீலத்திரையும், அது தந்த மீம்களும்

உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஐ.டி-யில வேலை பார்க்கிற ஒரு ஃப்ரெண்டாவது இருப்பார்தானே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம், "ஒரு சின்ன அப்டேட்தான், இப்பவே போட்டுடலாமா?" என்று கேட்டுப் பாருங்களேன். ஏதோ பேயைப் பார்த்த மாதிரி ரியாக்‌ஷன் கொடுப்பார். சனி, ஞாயிறு லீவு போயிடுமே என்ற பயத்தில் பிறந்த ரொம்பப் பழைய ஐ.டி ஜோக் இது. 2024 ஜூலை 19-க்குப் பிறகு உலகத்துக்கே இந்த ஜோக் புரிந்துவிட்டது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்!

அன்று உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி, சோக முகத்தோடு உட்கார்ந்துவிட்டன. விமானங்கள் நின்றன. இங்கிலாந்தில் 'ஸ்கை நியூஸ்' சேனலே கொஞ்ச நேரம் ஒளிபரப்பாகவில்லை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். ஆபீஸில் சிஸ்டம் ஓடாதவர்கள் எல்லாம் போனை எடுத்து மீம் போட ஆரம்பித்தார்கள். அந்த மீம்களில் எது உண்மை, எது உருட்டு? வாங்க, ஒவ்வொன்றா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல, என்னதான் ஆச்சு?

எல்லோரும் முதலில் திட்டியது மைக்ரோசாஃப்ட்டை. ஆனால், கோளாறான ஃபைல் அவர்களுடையது இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தைச் சேர்ந்த 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்துடையது.

இவர்களின் 'ஃபால்கன்' மென்பொருள், பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கு வாட்ச்மேன் மாதிரி. ஹேக்கர்கள் தினமும் புதுப்புது வழியில் வருவார்கள் இல்லையா? அதனால் 'இப்படி ஒருத்தன் வந்தா உள்ளே விடாதே' என்ற தகவல் வாட்ச்மேனுக்கு அடிக்கடி போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ஃபைல், அன்று நம் நேரப்படி காலை 9.39-க்குக் கிளம்பியது. தப்பு தெரிந்து 10.57-க்கு அதை மாற்றிவிட்டார்கள். இடையில் 78 நிமிடங்கள்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு.

இதில் ஆச்சர்யம், உலகத்தில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது 1 சதவிகிதம்கூடக் கிடையாது. ஆனால், அந்த 1 சதவிகிதம் இருந்தது எல்லாம் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, பேங்க் மாதிரியான இடங்களில். உங்க வீட்டு லேப்டாப் ஜம்முனு ஓடியதற்குக் காரணம், அதில் இந்த வாட்ச்மேன் இல்லை. அவ்வளவுதான்.

21-வது இலை எங்கே?

'ஒரு ஃபைல் எப்படிப்பா கம்ப்யூட்டரையே கவிழ்க்கும்?' என்று கேட்டால், கல்யாணப் பந்தியைக் கற்பனை பண்ணிக்கோங்க.

பந்தியில் 21 இலை என்று லிஸ்ட் போட்டிருக்கிறார்கள். உண்மையில் விரித்தது 20 இலைதான். இதுவரை வந்த ஆர்டரில் எல்லாம் '21-வது இலையில என்ன இருந்தாலும் ஓகே' என்று இருந்ததால், யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று வந்த ஆர்டரோ, '21-வது இலையில என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு' என்றது. பார்க்கப்போனால் அங்கே இலையே இல்லை!

நிஜத்திலும் இதே கதைதான். 21 விவரங்களை எதிர்பார்த்து ஃபைல் எழுதப்பட்டிருந்தது. மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத 21-வதைத் தேடி, தனக்குச் சம்பந்தமில்லாத மெமரி பகுதிக்குள் அது கை வைத்தது. சாதாரண ஆப் இப்படிச் செய்தால் அந்த ஆப் மட்டும் குளோஸ் ஆகும். ஆனால், இந்த வாட்ச்மேன் வேலை பார்ப்பது 'கெர்னல்' எனப்படும் விண்டோஸின் மையப் பகுதியில். அங்கே தப்பு நடந்தால், மேற்கொண்டு சேதம் ஆகக் கூடாது என்று மொத்த சிஸ்டமும் தானாகவே நின்றுவிடும். அதுதான் நீலத்திரை.

மீம் 1: 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க!'

எந்தப் பிரச்னைக்கும் ஐ.டி சப்போர்ட் சொல்லும் முதல் வைத்தியம். இதை வைத்து ஏகப்பட்ட கிண்டல். ஆனால், மைக்ரோசாஃப்ட்டே தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் சொன்னது. சிலருக்கு 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வந்தது! சிஸ்டம் கிராஷ் ஆவதற்குள், சரிசெய்யப்பட்ட ஃபைல் இன்டர்நெட்டில் இருந்து இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்பதுதான் லாஜிக்.

அதிர்ஷ்டம் இல்லாதவர்களுக்கு? ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், 'சேஃப் மோடில்' திறந்து, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டும். ஆபீஸ் சிஸ்டம் லாக் செய்யப்பட்டிருந்தால், முதலில் 48 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் உள்ள கம்பெனியை நினைத்துப் பாருங்கள். நாம் மீம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பல நாட்டு சப்போர்ட் ஊழியர்களின் வீக் எண்ட் இப்படித்தான் போனது.

மீம் 2: 'கைல எழுதின போர்டிங் பாஸ்'

இது நூறு சதவிகிதம் உண்மை. பேனாவில் பெயரும் சீட் நம்பரும் எழுதிய பாஸின் படம் இந்தியாவிலிருந்துதான் உலக வைரல் ஆனது. 'தாத்தா காலத்துக்கே போயிட்டோம்' என்று கிண்டல் செய்தாலும், அன்று விமானத்தில் ஏற்றிவிட்டது அந்தப் பேனாதான். சிஸ்டம் படுத்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் கவுன்ட்டரில் இருந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊரில் பேங்க் பக்கம் பெரிய பாதிப்பு இல்லை. 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சின்னச் சின்னத் தடங்கல் என்றது ரிசர்வ் வங்கி.

மீம் 3: 'அந்த ஏர்லைன்ஸ் தப்பிச்சதே பழைய விண்டோஸால!'

அமெரிக்காவின் 'சவுத்வெஸ்ட்' விமான நிறுவனம் பெரிய பாதிப்பில்லாமல் தப்பித்தது. உடனே, 'அவங்க இன்னும் 1992-ல வந்த விண்டோஸ் 3.1-ஐ ஓட்டுறாங்க' என்று ஒரு பதிவு பறந்தது. சில செய்தித் தளங்களும் இதை நம்பி எழுதிவிட்டன. சுத்த உருட்டு! லாஸ் வேகாஸின் பிரமாண்ட 'ஸ்ஃபியர்' கோளம் முழுக்க நீலத்திரை தெரிந்த படமும் எடிட் செய்யப்பட்டதுதான். சிரிக்க வைத்த எதையும் ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கணும் மக்களே.

மீம் 4: '10 டாலர் கூப்பன்'

சிரமப்பட்ட பார்ட்னர்களுக்கு நன்றி சொல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் 10 டாலர் 'ஊபர் ஈட்ஸ்' கூப்பன் அனுப்பியது. 'ராத்திரி முழுக்க கண் முழிச்சதுக்கு ஒரு காபியா?' என்று நெட்டிசன்கள் பொங்கினார்கள். அதோடு விட்டதா? ஒரே கூப்பனை நிறைய பேர் பயன்படுத்தியதால், மோசடியாக இருக்குமோ என்று ஊபர் அதை பிளாக் செய்துவிட்டது. இந்த காமெடியை யாரும் எழுதவே முடியாது!

மீம் 5: 'இன்னிக்குதான் வேலைல சேர்ந்தேன்'

இதுவும் ஏகத்துக்குப் பரவியது. கிரவுட்ஸ்ட்ரைக் ஆபீஸ் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் ஒரு ஆள். முதல் நாளே அப்டேட் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். பெல்ஜியத்தைச் சேர்ந்த நையாண்டி எழுத்தாளர் ஒருவர் விளையாட்டுக்குப் போட்ட போலிப் படம் அது. அதையும் பலர் நிஜம் என்றே நம்பினார்கள்.

ஏன் நம்பினோம்? ஏதாவது கவிழ்ந்தால், 'புதுசா வந்த பையன்தான் ஏதோ பண்ணிட்டான்' என்பது நமக்குப் பழகிப்போன கதை. ஆபீஸில் ஃப்ரெஷராகச் சேர்ந்த யாருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

ஆனால், நடந்தது வேறு. அந்த ஃபைலைச் சரிபார்க்க வேண்டிய கருவியே 21 விவரம் இருக்கும் என்று நம்பி ஓகே சொன்னது. அதைவிட முக்கியம், ஃபைல் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் போனது. உங்க ஃப்ரெண்டு போனுக்குப் புது அப்டேட் வந்து, அதே மாடல் வைத்திருக்கும் உங்களுக்கு வராமல் கடுப்பாகியிருக்கிறீர்களா? அது பாதுகாப்புக்காகத்தான். முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பி, பிரச்னை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்தப் படிப்படியான முறை இந்த வகை ஃபைல்களுக்கு அப்போது இல்லை. ஒரு ஆள் தடுக்கி விழுந்தால் ஊரே விழும்படி படிக்கட்டு கட்டியிருந்தார்கள். விழுந்தவரை மட்டும் திட்டி என்ன பயன்?

சரி, அப்புறம்?

டெல்டா விமான நிறுவனம் மட்டும் 5 நாள்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. 50 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லி, கிரவுட்ஸ்ட்ரைக் மீது வழக்கும் போட்டது. கிரவுட்ஸ்ட்ரைக், இனி இந்த ஃபைல்களும் கட்டம் கட்டமாகத்தான் போகும் என்று மாற்றியது. மைக்ரோசாஃப்ட், பூட் ஆகாத கம்ப்யூட்டரை தூரத்திலிருந்தே சரிசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. 2025-ல் நீலத்திரையையே கறுப்பாக மாற்றிவிட்டார்கள். சோக முகமும் அவுட்!

இதில் ரசிக்க வைத்த காட்சி ஒன்று உண்டு. 2024 ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கூடும் மாநாட்டில், 'மாபெரும் சொதப்பல்' விருது கிரவுட்ஸ்ட்ரைக்குக்குக் கிடைத்தது. கிண்டலுக்குத் தரும் விருது. யாரும் நேரில் வந்து வாங்க ஆசைப்பட மாட்டார்கள். ஆனால், நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி வாங்கிக்கொண்டார். தினமும் வேலைக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி அதைத் தலைமையகத்தில் வைக்கப்போவதாகவும் சொன்னார். எந்த இன்டர்ன் தலையிலும் பழியைக் கட்டவில்லை.

அடுத்த முறை உங்க ஆபீஸில் ஏதாவது கவிழ்ந்து, எல்லார் கண்ணும் புதுசா வந்தவர் பக்கம் திரும்பினால், 'யார் பண்ணினது?' என்பதற்கு முன்னால் 'இது எப்படிப்பா யார் கண்ணுலயும் படாம போச்சு?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த ஃப்ரெஷர் உங்களை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

மத்தபடி, வெள்ளிக்கிழமை அப்டேட்? திங்கள்கிழமை பார்த்துக்கலாம் பாஸ்!