வரைபடம் யாரிடம்?

பிரேஸில் என்றதும் நம்மவர்க்குக் காப்பிக்கொட்டைதான் ஞாபகம் வருகிறது. அத்தேசத்தார் பெருவியாபாரிகள் ஏறிச்செல்லும் ஜெட் விமானத்தைத் தாமே வரைந்து, தாமே கட்டி, அமெரிக்கருக்கே விற்று வருகின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே.

எம்ப்ரேயர் ஸ்தாபனத்தார் ‘லெகஸி 500’ என்ற நடுத்தர விமானத்தை 2008-ம் வருஷத்தில் தொடங்கினார்கள். ஆறடி மனிதன் தலைகுனியாது நிற்கத்தக்க அறை. இடையில் இறங்காமல் ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர் செல்லும் சக்தி. இவற்றினும் பெரிய துணிவு ஒன்றுண்டு. பழைய முறையில், விமானியின் கைப்பிடியை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளோடு கம்பிகளும் கப்பிகளும் இணைக்கும். இதிலோ, கைப்பிடியின் அசைவு மின்சாரச் செய்தியாகக் கம்ப்யூட்டரை அடைகிறது. விமானம் தாங்கும் அளவறிந்து கம்ப்யூட்டரே பலகைகளை அசைக்கிறது. இவ்வளவினதான வியாபார விமானங்களில் இதுவே முதல். கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகள் பிழையற்றவை என்று நிரூபித்தாலன்றி விமானம் எழும்பலாகாது. வெளியாரிடம் ஒப்படைத்த அவ்வேலை தாமதப்பட்டமையால், 2011-ல் பறக்கவேண்டியது 2012 நவம்பர் 27-ந் தேதிதான் பறந்தது. பிரேஸில் சர்க்காரின் அத்தாட்சி 2014 ஆகஸ்டில் கிடைத்தது.

“எஞ்சின் அமெரிக்க ஹனிவெல் கம்பெனியாருடையதாயிற்றே, பிரேஸிலுக்கு இதில் என்ன பெருமை?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வரைபடமும் அதைத் திருத்தும் அதிகாரமும் எவரிடமோ, விமானம் அவருடையது என்பதே நமது அபிப்பிராயம். அவ்வதிகாரம் இருந்தபடியால்தான், எண்ணெய்த் தொட்டியைக் கூட்டி, இறக்கை நுனிகளைப் பெரிதாக்கி, 7,400 கிலோமீட்டர் செல்லும் ‘பிரேட்டர் 600’ விமானத்தை 2018-ல் அவர்கள் வெளியிட முடிந்தது.

1950-ல் ஸாவ் ஜோஸே தோஸ் காம்போஸ் நகரில் விமானப் பொறியியல் கல்லூரி நிலைபெற்றது. 1969-ல் சர்க்காரே எம்ப்ரேயரை நிறுவிற்று. 1994-ல் தனியாருக்கு விற்றபோதும், முக்கியத் தீர்மானங்களைத் தடுக்கவல்ல விசேஷப் பங்கு ஒன்றை அது கைவிடவில்லை. சட்டம் பயின்றோர் இவ்வொரு பங்கின் அருமையை எளிதில் உணர்வர்.

பிரெஞ்சு தஸோ கம்பெனியார் ரிலையன்ஸாருடன் சேர்ந்து ‘பால்கன் 2000’ விமானத்தை நாகபுரியில் கட்டப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தனர். நம் தொழிலாளருக்கு வேலையும் கைப்பழக்கமும் உண்டாகும், வரவேற்கிறோம். வரைந்தவர் மட்டும் பிரெஞ்சுக்காரர். நம்மவர் வரைந்த ‘ஸரஸ்’ என்னும் சிறு விமானமோ பெங்களூரில் 2004-ல் பறந்தது. 2009-ல் ஒரு மாதிரி விழுந்து மூவர் மாண்டபின் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. நாகபுரிக்குக் காட்டும் உற்சாகத்தில் பாதியையேனும் இந்திய சர்க்கார் ஸரஸுக்குக் காட்டவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.